சரக்கு வண்டிக்குப் புது டயர்: வாங்கும்போதும் மாட்டும்போதும் கவனிக்க வேண்டியவை



நம்மில் பெரும்பாலோர் கடையில் ஒரு இரு சக்கர வாகனமாவது இருக்கிறது. ஆர்டர் எடுக்கப் போவது, பாக்கி வசூலிக்கப் போவது, மண்டியிலிருந்து ஒரு மூட்டை பருப்பைக் கட்டிக்கொண்டு வருவது எல்லாமே அதில்தான். தராசுக்கு முத்திரை போடத் தவறுவதில்லை. பிஸ்கட் பாக்கெட்டில் தேதி பார்க்காமல் அடுக்குவதில்லை. ஆனால் அந்தப் பிஸ்கட்டைக் கொண்டு வரும் வண்டியின் டயருக்கும் ஒரு தேதி உண்டு என்பது நமக்கே அறுபது வயதுக்குப் பிறகுதான் தெரிந்தது. தெரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லி விடுகிறோம்.

2019ஆம் ஆண்டு புரட்டாசியில், எங்கள் மண்டியில் லைன் போகும் தம்பி, "அண்ணாச்சி, பின் டயர் மொட்டையாகிவிட்டது, மாற்ற வேண்டும்" என்று இரண்டு முறை சொன்னார். "தீபாவளி முடியட்டும் தம்பி" என்றோம். சீசன் நேரம், வண்டி ஒரு நாள் நின்றால் வியாபாரம் போய்விடும் என்ற நினைப்பு. ஐப்பசி பிறந்து முதல் மழை பெய்தது. ஒரு சர்க்கரை மூட்டையைக் கட்டிக்கொண்டு போனவர், ஊர் எல்லை வளைவில் பிரேக் பிடித்தபோது பின் சக்கரம் வழுக்கி விழுந்து விட்டார். காறை எலும்பு முறிந்தது. மூட்டை கிழிந்து சர்க்கரை மழையில் கரைந்து போனது. மருத்துவச் செலவு, சரக்கு நஷ்டம், தீபாவளி லைன் நின்ற நஷ்டம் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் எத்தனையோ டயர் வாங்கியிருக்கலாம்.

மறுநாள் அவருடைய தாயார் கடைக்கு வந்தார். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "சம்பளம் நின்று போகுமா ஐயா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் நம் காதில் இருக்கிறது. சம்பளத்தை நிறுத்தவில்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கும் நிலைக்கு ஒரு தாயைக் கொண்டு வந்தது நம்முடைய "தீபாவளி முடியட்டும்" என்ற ஒரு சொல்தான். யானையை வாங்கியவன் அங்குசத்துக்குப் பேரம் பேசிய கதை இதுவே.

அதற்குப் பிறகும் ஒரு தவறு செய்தோம். அவசரத்தில் ஒரு கடையில் விலை குறைவு என்று கேட்டு ஒரு டயரை வாங்கி மாட்டினோம். ஓராண்டு கூட ஆகவில்லை, பக்கவாட்டில் வெடிப்பு விட்டது. நன்கு தெரிந்த மெக்கானிக் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "இது நீங்கள் வாங்கும்போதே நான்கு வருடச் சரக்கு" என்று டயரிலேயே எழுதியிருந்ததைக் காட்டினார். அன்று அவரிடம் கற்ற பாடத்தையும், பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே தருகிறோம்.

எப்போது மாற்ற வேண்டும்?

டயரின் பட்டன்களுக்கு நடுவே உள்ள பள்ளங்கள் அழகுக்காக வைத்தவை அல்ல. ஈரச் சாலையில் டயருக்கு அடியில் சிக்கும் தண்ணீர் அந்தப் பள்ளங்களின் வழியாகத்தான் வெளியேறுகிறது. பள்ளம் தேய்ந்து போனால் தண்ணீர் போக வழியின்றி, ரப்பர் தரையைத் தொடாமல் தண்ணீரின் மேல் வழுக்குகிறது. காய்ந்த சாலையில் மொட்டை டயர் நன்றாகத்தான் ஓடும். அதனால்தான் நாம் ஏமாந்து போகிறோம். சித்திரை, வைகாசி முழுவதும் ஒரு குறையும் தெரியாது. முதல் மழையில்தான் கணக்குத் தீர்க்கும்.

மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி இரு சக்கர வாகன டயரில் பள்ளம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. இதை அளக்கக் கருவி தேவையில்லை. டயரின் பள்ளத்துக்குள்ளேயே அங்கங்கே சிறு ரப்பர் மேடு வைத்திருப்பார்கள். டயரின் ஓரத்தில் ஒரு சிறு முக்கோணமோ 'டி.டபிள்யூ.ஐ.' என்ற எழுத்தோ அந்த இடத்தைக் காட்டும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் டயர் முடிந்தது என்று பொருள். மழைக்காலத்துக்கு முன்பே, மேட்டை நெருங்கும்போதே மாற்றுவது நல்லது. ஆடி மாதம் ஒரு முறை பார்த்துவிட்டால் ஐப்பசிக்குக் கவலை இல்லை.

பட்டன் இருந்தாலும் பக்கவாட்டில் வெடிப்பு, கொப்புளம் போன்ற வீக்கம், உள்ளே உள்ள நூல் தெரிதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த டயரை ஓட்டக் கூடாது.

டயரின் மேல் எழுதியிருப்பதைப் படிப்பது எப்படி?

ஒரு சிப்பத்தின் மேல் சரக்கின் பெயர், எடை, தரம் எல்லாம் அச்சிட்டிருப்பது போல டயரின் பக்கவாட்டிலும் எல்லாம் இருக்கிறது.

முதலில் அளவு. 2.75-18 என்றிருந்தால் டயரின் அகலம் 2.75 அங்குலம், ரிம்மின் குறுக்களவு 18 அங்குலம். 80/100-18 என்றிருந்தால் அகலம் 80 மில்லிமீட்டர், உயரம் அந்த அகலத்தில் 100 சதவீதம், ரிம் 18 அங்குலம். 100/90-17 என்றால் அகலம் 100 மில்லிமீட்டர், உயரம் அதில் 90 சதவீதம், அதாவது 90 மில்லிமீட்டர். வண்டியின் கையேட்டில் கொடுத்துள்ள அளவையே வாங்க வேண்டும். "ஒரு சைஸ் பெரியதாகப் போடுங்கள், கம்பீரமாக இருக்கும்" என்று சொன்னால் கேட்கக் கூடாது. பெரிய டயர் செயினிலோ மட்கார்டிலோ உரசலாம். ரிம்மிலும் சரியாக உட்காராது.

அடுத்து பாரம் தாங்கும் எண். நம் தொழிலுக்கு இதுதான் முக்கியம். அளவுக்குப் பக்கத்தில் 42பி, 48பி, 54பி என்பது போல ஒரு எண்ணும் ஆங்கில எழுத்தும் இருக்கும். எண் அந்த ஒரு டயர் தாங்கும் எடையைக் காட்டும். 42 என்றால் 150 கிலோ. 48 என்றால் 180 கிலோ. 54 என்றால் 212 கிலோ. எழுத்து வேகத்தைக் காட்டும். 'எல்' என்றால் மணிக்கு 120 கிலோமீட்டர், 'பி' என்றால் 150 கிலோமீட்டர் வரை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வண்டியின் எடை 110 கிலோ. அதில் சரிபாதி பின் டயருக்கு என்றால் 55 கிலோ. ஓட்டுபவர் 65 கிலோ. அதில் 40 கிலோ பின்னால் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பின்னால் கட்டிய 50 கிலோ மூட்டை இரண்டு என்றால் 100 கிலோ, முழுவதும் பின் டயரின் தலையில்தான். ஆக 195 கிலோ. 48 எண் டயருக்கு இது 15 கிலோ அதிகம். இந்தக் கணக்கைப் போட்ட பிறகு, எங்கள் மண்டியில் பைக்கில் ஒரு நடைக்கு ஒரு மூட்டைக்கு மேல் கட்டுவதில்லை. அதிக எண்ணுள்ள டயரைப் போட்டுவிட்டால் எவ்வளவும் ஏற்றலாம் என்றும் நினைக்கக் கூடாது. டயர் தாங்கினாலும் பிரேக்கும், ஷாக் அப்சார்பரும், போக்ஸ் கம்பியும் தாங்க வேண்டும்.

மூன்றாவது, தேதி. 'டாட்' என்ற எழுத்து வரிசையின் முடிவில், அல்லது தனியாக ஒரு சிறு கட்டத்துக்குள், நான்கு இலக்கங்கள் இருக்கும். 2324 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. ரப்பர் இருப்பில் கிடந்தாலும் வெயிலும் காற்றும் பட்டு இறுகிப் போகும். இறுகிய ரப்பர் சாலையைப் பிடிக்காது. நாம் வைத்திருக்கும் கணக்கு: செய்து ஓராண்டுக்குள் உள்ள டயரைத்தான் வாங்குவது. மாட்டிய டயருக்கு ஐந்து வயது ஆகிவிட்டால், பட்டன் இருந்தாலும் ஆண்டுக்கு ஒரு முறை தெரிந்தவரிடம் காட்டிப் பார்ப்பது.

நான்காவது, ஐ.எஸ்.ஐ. முத்திரை. 2009ஆம் ஆண்டு மத்திய அரசு பிறப்பித்த தரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி வாகன டயருக்கும் டியூபுக்கும் இந்த முத்திரை கட்டாயம். முத்திரை இல்லாத டயரைத் தொடவே வேண்டாம்.

ஐந்தாவது, டியூப் உள்ளதா இல்லாததா என்பது. 'டியூப் டைப்', 'டியூப்லெஸ்' என்று டயரிலேயே இருக்கும். டியூப்லெஸ் டயரில் ஆணி குத்தினால் காற்று மெதுவாகத்தான் இறங்கும். சரக்குடன் போகும்போது அது ஒரு பெரிய பாதுகாப்பு. ஆனால் போக்ஸ் கம்பி உள்ள சாதாரண ரிம்மில் கம்பித் துளை வழியாகக் காற்று போய்விடும். அதற்கு டியூப் டயர்தான். வண்டியோடு எது வந்ததோ அதையே போடுவது நலம்.

வாங்கும்போது பில் கேட்டு வாங்குங்கள். நம் கடையில் பில் வேண்டாம் என்று போகும் வாடிக்கையாளரைப் பார்த்துச் சலித்துக்கொள்கிறோம். டயர் கடையில் நாமே அப்படிச் செய்கிறோம். பின்னால் குறை கண்டால் பில் இல்லாமல் யாரிடம் போய்க் கேட்பது? ரீட்ரெடிங் டயர் மலிவாகக் கிடைக்கும். மூட்டை ஏற்றும் வண்டிக்கு அது வேண்டாம் என்பதே நம் கருத்து.

மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள்

நல்ல டயரும் மாட்டும் விதத்தில் கெட்டுப் போகும். பையனிடம் பணத்தைக் கொடுத்தனுப்பாமல், அரை மணி நேரம் ஒதுக்கி நாமே போய் நின்று பார்ப்பது நல்லது. பார்க்க வேண்டியவை இவை.

புது டயருக்குப் புது டியூப் போட வேண்டும். பழைய டியூப் விரிந்து போயிருக்கும். புது டயருக்குள் மடிப்பு விழுந்து அந்த மடிப்பிலேயே கிழியும். போக்ஸ் கம்பியின் தலை டியூபில் குத்தாமல் இருக்க ரிம்மைச் சுற்றி ஒரு ரப்பர் பட்டை இருக்கும். அது நைந்திருந்தால் அதையும் மாற்றச் சொல்லுங்கள். ரிம்மில் துருவும் மண்ணும் இருந்தால் தேய்த்துத் துடைக்க வேண்டும்.

டயரின் பக்கவாட்டில் ஒரு அம்புக்குறி இருக்கும். சக்கரம் முன்னோக்கிச் சுற்றும் திசையில் அது இருக்க வேண்டும். முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றிப் போடக் கூடாது. சில டயரில் ஒரு மஞ்சள் புள்ளி இருக்கும். அது டயரின் எடை குறைந்த இடம். வால்வு ரிம்மின் கனத்தைக் கூட்டும் இடம். ஆகையால் புள்ளியை வால்வுக்கு நேராக வைத்தால் சக்கரம் சமமாகச் சுற்றும்.

டயரின் விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவி ஏற்றலாம். கிரீஸ், ஆயில், மண்ணெண்ணெய் தடவினால் ரப்பர் ஊறிக் கெடும். டியூபில் சிறிதளவு காற்று ஏற்றி உள்ளே வைத்தால் லிவரில் சிக்கிக் கிழியாது. கடைசிப் பகுதியை ஏற்றும்போது எதிர்ப்பக்க விளிம்பு ரிம்மின் நடுப் பள்ளத்தில் இறங்கியிருக்க வேண்டும். அப்படி இருந்தால் கையாலும் காலாலும் அழுத்தியே பெரும்பகுதி ஏறிவிடும். கம்பியால் நெம்பி மல்லுக்கட்டுபவருக்கு இந்த வித்தை தெரியவில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

காற்று அடித்த பிறகு டயரின் ஓரத்தில் ரிம்மை ஒட்டி ஒரு மெல்லிய கோடு தெரியும். அந்தக் கோடு சுற்றிலும் ஒரே அளவில் தெரிய வேண்டும். ஒரு இடத்தில் உள்ளே போயிருந்தால் டயர் சரியாக உட்காரவில்லை. காற்றை இறக்கி மறுபடி அடிக்கச் சொல்லுங்கள். டியூப் வைத்த டயருக்கு ஒரு முறை இறக்கி ஏற்றுவதே நல்ல பழக்கம். டியூபின் சுருக்கம் நீங்கும்.

சக்கரத்தை வண்டியில் மாட்டியபின் ஆக்ஸில் நட், பின் பிரேக் தட்டைப் பிடிக்கும் கம்பியின் நட், அதிலுள்ள பின் ஊசி, செயின் தொய்வு, இருபுறமும் சக்கரம் நேராக நிற்கிறதா என்பதற்கான கோடு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். வண்டியை எடுக்கும் முன் பிரேக்கை மிதித்துப் பார்க்காமல் தெருவில் இறங்கக் கூடாது.

மாட்டிய பிறகு

புது டயரின் மேற்புறம் வழவழப்பாக இருக்கும். முதல் 150 கிலோமீட்டர் வரை வேகம், திடீர் பிரேக், வளைவில் சாய்ப்பது, அதிக பாரம் எல்லாவற்றையும் குறைத்துக்கொள்ள வேண்டும். புது டயர் என்ற தைரியத்தில் அன்றைக்கே மூட்டை ஏற்றி விரட்டுவது தவறு.

காற்று வாரம் ஒரு முறை, காலையில் டயர் சூடேறும் முன் பார்க்க வேண்டும். எவ்வளவு என்பது கையேட்டிலோ வண்டியின் ஸ்டிக்கரிலோ இருக்கும். தனியாகப் போகும்போது ஒரு அளவு, பின்னால் ஆளோ பாரமோ இருக்கும்போது அதிக அளவு என்று இரண்டாகக் கொடுத்திருப்பார்கள். சரக்கு வண்டிக்கு இரண்டாவது அளவே பொருந்தும். குறைந்த காற்றில் பாரம் ஏற்றினால் டயரின் பக்கவாட்டு மடிந்து மடிந்து சூடேறி உள்நூல் அறுந்து போகும். அதிகக் காற்றில் நடுப்பகுதி மட்டும் தேயும்.

சுருங்கச் சொன்னால்

1. மழைக்கு முன் பட்டனைப் பாருங்கள்.
2. அளவு, பாரம் தாங்கும் எண், தேதி, ஐ.எஸ்.ஐ. முத்திரை நான்கையும் படித்து வாங்குங்கள்.
3. புது டயருக்குப் புது டியூப்.
4. மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள்.
5. வாரம் ஒரு முறை காற்று.
6. ஓட்டுபவர் டயர் போய்விட்டது என்று சொன்னால் அன்றைக்கே கேளுங்கள்.

ஆறாவதுதான் எல்லாவற்றிலும் பெரியது. எங்கள் தம்பி இரண்டு மாதத்தில் குணமாகி மறுபடி லைன் போகிறார். இப்போது கடையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். எந்த வண்டிக்கு எந்தத் தேதியிட்ட டயர், என்று மாட்டியது, என்று காற்று பார்த்தது என்று அவரே எழுதி வைக்கிறார். வரவு செலவுப் பேரேட்டுக்குப் பக்கத்திலேயே அந்த நோட்டும் இருக்கிறது. சரக்கு போனால் மறு கொள்முதல் செய்துகொள்ளலாம். நம்மை நம்பி வெயிலிலும் மழையிலும் வண்டி ஓட்டுகிற பிள்ளைகளை எந்த மண்டியிலும் கொள்முதல் செய்ய முடியாது.

இன்று கடை அடைத்ததும், வண்டியை உள்ளே ஏற்றும் முன், ஒரு முறை குனிந்து டயரைப் பாருங்கள்.