800 மீட்டர் போட்டியில் நான் ஓடியது 825 மீட்டர்!



ஆடி மாதம் நடந்த குறுவட்டப் போட்டியில் 800 மீட்டரில் நான் மூன்றாவதாக வந்தது எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது வந்திருந்தால் அடுத்த போட்டிக்குப் போயிருப்பேன். அன்று எங்க அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்கு லீவு போட்டுட்டு வந்து பார்த்தாங்க. "நீதான்டா வேகமா ஓடுன மாதிரி இருந்துச்சு"ன்னு சொன்னாங்க. பெத்த பாசம்னு நினைச்சேன். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தால் அம்மா சொன்னதுதான் சரி!

அது 200 மீட்டர் தடம். நாலு சுற்று, எட்டு வளைவு. எட்டிலும் நான் முன்னால் போனவனுக்கு வலது பக்கம் ஒரு மீட்டர் தள்ளியே ஓடினேன். முந்தவும் இல்லை, பின்னால் ஒதுங்கவும் இல்லை. வீம்பு! வளைவு என்பது அரைவட்டம், அதன் நீளம் πr. ஆரம் 1 மீட்டர் கூடினால் நீளம் 3.14 மீட்டர் கூடும். எட்டு வளைவுக்கு 25 மீட்டர். முதலில் வந்தவனுக்கும் எனக்கும் இடைவெளி பத்து மீட்டர்கூட இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. மைதானம் பெரிசா சின்னதா என்பது இந்தக் கணக்கில் வராது. 400 மீட்டர் தடத்திலும் ஒரு வளைவுக்கு அதே 3.14தான். ஆனால் அங்கே 800 மீட்டருக்கு நாலே வளைவு. ஆகவே நம்மைப் போல் சின்ன மைதானத்தில் ஓடுகிறவர்களுக்குத்தான் நஷ்டம் இரட்டிப்பு.

அப்போ உள்கோட்டை ஒட்டியே ஓடிட்டா போச்சுன்னு சொல்வீங்க. முன்னால் ஒருவன், வலது பக்கம் ஒருவன் வந்துவிட்டால் பெட்டிக்குள் மாட்டின மாதிரிதான். தெம்பு இருந்தும் வெளியே வர முடியாது. கோடும் ஆபத்துதான். புதுக்கோட்டை மாவட்டத்து லட்சுமணன் அண்ணன் 2017-இல் புவனேசுவரத்தில் நடந்த ஆசியப் போட்டியில் 5000, 10000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றவர். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 10000 மீட்டரில் மூன்றாவதாக வந்தார். கால் உள்கோட்டைத் தாண்டி உள்ளே பட்டது என்று அவரை நீக்கிவிட்டார்கள். வெண்கலம் சீன வீரருக்குப் போனது. 25 சுற்று ஓடி முடித்தவருக்கு ஒரே ஒரு அடியால் வந்த கதி! நான் மூன்றாவது வந்ததெல்லாம் இதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லை.

முன்னாலேயே ஓடுவது நல்லதா? 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக் 800 மீட்டர் இறுதியில் முதல் சுற்று முழுக்க முன்னால் ஓடியவர் நம் ஸ்ரீராம் சிங். கடைசியில் ஏழாவது. கியூபாவின் ஹுவாந்தொரேனா தங்கம் வாங்கினார். ஆனாலும் ஸ்ரீராம் சிங் அன்று ஓடிய 1 நிமிடம் 45.77 வினாடி, 42 வருஷம் இந்திய சாதனையாக நின்றது. 2018 ஜூனில் அதை முறியடித்தவர் ஜின்சன் ஜான்சன். இரண்டே மாதத்தில் ஜகார்த்தாவில் அவருக்கும் ஓர் அதிர்ச்சி. பின்னால் பொறுமையாக வந்த மன்ஜித் சிங், கடைசி நேர்ப்பகுதியில் வெளிப்பக்கமாக முந்தித் தங்கத்தைத் தட்டிச் சென்றார். வித்தியாசம் 0.20 வினாடி! முந்துவதை நேர்ப்பகுதியில் வைத்துக்கொண்டால் இரண்டடி விலகி ஓடினாலும் தூரம் அவ்வளவாகக் கூடாது.

நமக்கு இன்னொரு விஷயம், காத்து. கயத்தாறு பக்கம் காற்றாலையைச் சுத்துற அதே ஆடிக்காத்துதான் நம்ம மைதானத்துலயும் அடிக்குது, கரிசல் புழுதி கண்ணுல விழும். எதிர்க்காத்து அடிக்கும் பக்கம் ஒருவன் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். காற்று முதுகில் தள்ளும் பக்கம்தான் முந்த வேண்டும். நான் செய்தது நேர் எதிர்.

ஒன்பதாம் வகுப்புத் தம்பிகள் யாருக்காவது நம்பிக்கை இல்லை என்றால், சனிக்கிழமை சாயங்காலம் மைதானத்துக்கு வாங்க. சணல் கயிறும் சுண்ணாம்புப் பொடியும் கொண்டு வர்றேன். வளைவை அளந்தே பார்த்துடலாம்.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்