படிக்கட்டைக் கட்டிய பள்ளி: கார்ஃபீல்டு உயர்நிலைப் பள்ளி தரும் பாடம்

ஆசிரியர்களைப் பற்றிய திரைப்படங்களின் பட்டியலை யார் தயாரித்தாலும், 1988-இல் வெளிவந்த ‘ஸ்டாண்ட் அண்ட் டெலிவர்’ பெரும்பாலும் அதில் இடம்பெறும். பின்னக் கணக்கிலேயே தடுமாறும் ஏழை மாணவர்களை ஒரு கணித ஆசிரியர் ஓரிரு ஆண்டுகளுக்குள் நுண்கணிதத் தேர்வில் வெற்றிபெறச் செய்கிறார். படம் உண்மைக் கதை. ஆசிரியர் பெயர் ஜெய்மி எஸ்கலான்டே. பள்ளி, அமெரிக்காவின் கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கார்ஃபீல்டு உயர்நிலைப் பள்ளி.

படத்தைப் பார்த்து முடிக்கும் ஆசிரியருக்கு இரண்டு எண்ணங்களில் ஒன்று எழும். ‘நானும் இந்த ஆண்டே மாற்றிக் காட்டுகிறேன்’ என்பது ஒன்று. ‘இதெல்லாம் அபூர்வப் பிறவிகளால்தான் முடியும்’ என்பது மற்றொன்று. முதல் எண்ணம் அரையாண்டுத் தேர்வோடு சோர்ந்துபோகும். இரண்டாவது நம்மைத் தொடங்கவே விடாது. அந்தப் பள்ளியில் உண்மையில் நடந்ததைப் படித்தால் இரண்டுமே தவறு என்று புரியும். அதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பள்ளியும் பின்னணியும்

கார்ஃபீல்டு பள்ளி 1925-இல் தொடங்கப்பட்ட அரசுப் பொதுப்பள்ளி. நுழைவுத் தேர்வு வைத்து மாணவர்களைப் பொறுக்கி எடுக்கும் பள்ளி அல்ல. சுற்றுவட்டாரப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி. அவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோ வழிவந்த உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகள்.

1968-இல் இப்பகுதிப் பள்ளிகளின் மாணவர்கள் ஆயிரக்கணக்கில் வகுப்பறைகளை விட்டு வெளியேறிப் போராடினார்கள். அதில் கார்ஃபீல்டு மாணவர்களும் முன்னணியில் இருந்தனர். நெரிசலான வகுப்புகள், ஸ்பானிய மொழி பேசியதற்குத் தண்டனை, கல்லூரிக் கனவே கூடாது என்பதுபோல் தொழிற்பயிற்சிப் பக்கம் மட்டுமே தள்ளிவிடும் போக்கு ஆகியவை அவர்களின் குறைகள். ‘எங்களுக்கும் கடினமான பாடம் கற்றுக்கொடுங்கள்’ என்று பிள்ளைகளே கேட்ட பள்ளி அது என்பதை நினைவில் கொள்வோம்.

1974-இல் எஸ்கலான்டே இங்கு பணியில் சேர்ந்தார். பொலிவியாவில் பல ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவர். அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தபின் உணவகத்தில் மேசை துடைத்து, ஆங்கிலம் கற்று, மின்னணு நிறுவனமொன்றில் வேலை பார்த்து, மீண்டும் பட்டம் பெற்று வகுப்பறைக்குத் திரும்பியவர்.

எண்கள் சொல்லும் கதை

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் ‘ஏ.பி.’ எனப்படும் பாடத்திட்டம் உண்டு. கல்லூரி முதலாண்டுத் தரத்திலான பாடத்தைப் பள்ளியிலேயே நடத்தி, நாடு முழுவதற்கும் பொதுவான தேர்வு வைப்பார்கள். மதிப்பெண் 1 முதல் 5 வரை. 3-உம் அதற்கு மேலும் பெற்றால் தேர்ச்சியாகக் கொள்வது வழக்கம். நுண்கணிதத்தில் கார்ஃபீல்டின் கணக்கு இது:

• 1979: தேர்வெழுதியவர் 5, தேர்ச்சி 2
• 1980: தேர்வெழுதியவர் 9, தேர்ச்சி 7
• 1981: தேர்வெழுதியவர் 15, தேர்ச்சி 14
• 1982: தேர்வெழுதியவர் 18, தேர்ச்சி 18
• 1983: தேர்வெழுதியவர் 33, தேர்ச்சி 30
• 1987: முதல்நிலைத் தாளில் மட்டும் தேர்ச்சி 73; மேல்நிலைத் தாளில் 12

எஸ்கலான்டே சேர்ந்தது 1974-இல். முதல் நுண்கணித வகுப்பு தொடங்கியது 1978-இல். திரைப்படம் சொல்லும் 18 பேரின் வெற்றி கிடைத்தது அவர் சேர்ந்த எட்டாம் ஆண்டில். உச்சத்தைத் தொட்டது பதின்மூன்றாம் ஆண்டில். முதல் தேர்வில் தேறியவர் இரண்டே பேர். நம் பள்ளியில் இப்படி ஒரு முடிவு வந்திருந்தால் அந்த வகுப்பை மறு ஆண்டும் நடத்த விட்டிருப்போமா?

படிகள் எவ்வாறு கட்டப்பட்டன?

நுண்கணிதத்திற்கு முன் இயற்கணிதம், வடிவியல், உயர் இயற்கணிதம், முக்கோணவியல் ஆகியவற்றை முடித்திருக்க வேண்டும். அப்போது கார்ஃபீல்டு மூன்றாண்டுப் பள்ளி. அங்கு பிள்ளைகளை அனுப்பிய நடுநிலைப் பள்ளிகளில் அடிப்படைக் கணக்கு மட்டுமே நடந்தது. ஆண்டுக்கு ஒரு பாடம் என்று போனால் மூன்றாண்டுக்குள் நுண்கணிதத்தைத் தொடவே முடியாது. சிக்கல் மாணவரின் மூளையில் இல்லை, கால அட்டவணையில் இருந்தது. அதைத் தீர்க்க நான்கு படிகள் அமைந்தன.

முதலாவது, கீழ்ப்பள்ளிகள். சுற்றியுள்ள நடுநிலைப் பள்ளிகளோடு பேசி, இயற்கணிதத்தை அங்கேயே தொடங்கச் செய்தார்கள்.

இரண்டாவது, கோடை விடுமுறை. அருகிலுள்ள கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் கல்லூரியோடு இணைந்து கோடை வகுப்புகள் நடத்தப்பட்டன. ஓராண்டுப் பாடத்தைச் சில வாரங்களில் முடித்து, மாணவர்கள் ஒரு படி மேலே ஏறினார்கள்.

மூன்றாவது, சக ஆசிரியர்கள். பென் ஹிமெனெஸ் போன்ற கணித ஆசிரியர்கள் சேர்ந்து உழைத்தனர். கீழ் வகுப்பில் அவர்கள் இட்ட அடித்தளத்தின்மேல்தான் நுண்கணித வகுப்பு நின்றது.

நான்காவது, தலைமையாசிரியர். 1980-களில் பொறுப்பிலிருந்த ஹென்றி கிராடியாஸ், அடிப்படைக் கணக்கு வகுப்புகளின் எண்ணிக்கையைக் குறைத்து, பின்தங்கிய மாணவரும் இயற்கணிதம் படிக்க வழிசெய்தார். அவருக்கு முன்பு, அதிகாலையில் பள்ளியைத் திறக்கிறார், நேரம் கடந்தும் இருக்கிறார் என்பதற்காகவே நிர்வாகத்தின் கண்டிப்புக்கு ஆளானவர் எஸ்கலான்டே. அவருடைய உழைப்பு தலைமையின் துணை கிடைத்தபின்தான் திட்டமாக மாறியது.

இவற்றோடு வகுப்பறை நுட்பங்களும் இருந்தன. கூடைப்பந்துச் சொற்களால் கணிதக் கருத்தை விளக்குவார். வீட்டுப்பாடத்துக்கும் வருகைக்கும் மாணவரிடமும் பெற்றோரிடமும் ஒப்பந்தக் கையெழுத்து வாங்குவார். ‘கானாஸ்’ என்ற ஸ்பானியச் சொல்லை அடிக்கடி பயன்படுத்துவார். உள்ளிருந்து எழும் விருப்பம் என்று அதற்குப் பொருள். விருப்பத்தை அவர் தூண்டினார். அந்த விருப்பம் ஏறிச்செல்லப் படிகளும் இருந்தன.

1982: ஐயமும் மறுதேர்வும்

1982-இல் பதினெட்டுப் பேரும் தேறியதும், தேர்வு நிறுவனத்துக்கு ஐயம் எழுந்தது. சில விடைத்தாள்களில் ஒரேவிதமான பிழைகள் இருப்பதாகக் கூறி 14 பேரின் மதிப்பெண்களைக் கேள்விக்கு உட்படுத்தியது. அவர்களில் 12 பேர் கோடையில் மறுதேர்வு எழுதினர். பன்னிருவரும் தேறினர், மதிப்பெண்கள் மீண்டும் ஏற்கப்பட்டன.

வசதியான பகுதிப் பள்ளியாக இருந்தால் இந்தக் கேள்வி எழுந்திருக்குமா என்ற விவாதம் அன்றே நடந்தது. நமக்கு இதில் வேறொரு செய்தியும் உண்டு. தேர்வுக்கு முந்தைய வாரம் மனப்பாடம் செய்தவை கோடைவரை தங்குவதில்லை. ஆண்டுக்கணக்கில் படிப்படியாகக் கற்றதால்தான், எதிர்பாராமல் வந்த இரண்டாவது தேர்வையும் அப்பிள்ளைகளால் எதிர்கொள்ள முடிந்தது.

படிகள் சரிந்தபோது

திரைப்படம் காட்டாத பகுதி இது. 1987-இல் கிராடியாஸ் உயர்கல்விக்காக விடுப்பில் சென்றார். அதன்பின் அப்பள்ளிக்குத் திரும்பவில்லை. திட்டம் வளர வளர வகுப்பில் 50 பேருக்கு மேல் சேர்ந்தார்கள். ஆசிரியர் சங்கத்தின் உடன்பாட்டில் வரம்பு 35. நெரிசலான வகுப்புகளை எதிர்த்து மாணவர்கள் போராடிய பள்ளியில் அந்த வரம்புக்கும் நியாயம் உண்டு என்பதை மறுக்க முடியாது. சக ஆசிரியர்களோடு உரசல் முற்றியது. 1990-இல் கணிதத் துறைத் தலைமைப் பொறுப்பை எஸ்கலான்டே இழந்தார். 1991-இல் பள்ளியை விட்டே சென்றார். அவரோடு உழைத்த சிலரும் விலகினர். 1990-களின் நடுவில் நுண்கணிதத்தில் தேறுவோர் எண்ணிக்கை பத்துப் பதினொன்றாகச் சுருங்கியது.

எஸ்கலான்டே அடுத்து சாக்ரமென்டோ நகரப் பள்ளியொன்றில் பணியாற்றினார். அதே ஆசிரியர், அதே உழைப்பு. ஆனால் கார்ஃபீல்டில் கண்ட அளவு வெற்றி அங்கு கிட்டவில்லை. படிக்கட்டு இல்லாத இடத்தில் அவராலும் பிள்ளைகளை ஒரே தாவலில் மாடிக்கு ஏற்ற முடியவில்லை.

நமக்கான பாடம்

இடமாறுதல் கலந்தாய்வு வரும் ஒவ்வோர் ஆண்டும், நல்ல ஆசிரியர் ஒருவர் போய்விட்டால் அந்தப் பள்ளியின் முயற்சியும் அவரோடு போவதைப் பார்க்கிறோம். அறிவியல் மன்றம், நூலக வேளை, கையெழுத்து இதழ் என எதுவாக இருந்தாலும் ஒருவர் தோளில் நிற்பது அவர் இருக்கும்வரைதான். ஆகவே புதிய முயற்சி ஒன்றைத் தொடங்கும்போதே ‘நான் இல்லாதபோது இதை யார் நடத்துவார்?’ என்ற கேள்விக்கும் விடை தேட வேண்டும்.

தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு இதில் தனிப்பெருமை உண்டு. எட்டாம் வகுப்பில் இயற்கணிதம் புரிவதும், பன்னிரண்டாம் வகுப்பில் நுண்கணிதம் கைகூடுவதும் ஐந்தாம் வகுப்பில் பின்னம் தெளிவதைப் பொறுத்தவை. மேல்நிலைத் தேர்ச்சிப் பட்டியல் வெளியாகும் நாளில் யாரும் அவர் பெயரைச் சொல்வதில்லை. ஆனால் முதல் படியைக் கட்டியவர் அவர்தான்.

குறுவள மையக் கூட்டத்தில் கலந்துரையாட

1. உங்கள் பாடத்தில் மாணவர் அதிகம் தடுக்கி விழும் கருத்து எது? அதன் வேர் எந்த வகுப்பில் உள்ளது?
2. உங்கள் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் பள்ளியின் ஆசிரியரோடு, அல்லது நீங்கள் அனுப்பும் பள்ளியின் ஆசிரியரோடு, பாடம் குறித்துக் கடைசியாக எப்போது பேசினீர்கள்?
3. நீங்கள் நடத்தும் ஒரு செயல்பாட்டை, அடுத்து வரும் ஆசிரியர் தொடரும் வகையில் இரண்டு பக்கத்துக்குள் எழுதிவைக்க முடியுமா?
4. முதல் ஆண்டில் ஐவரில் இருவர் மட்டுமே தேறும் முயற்சிக்கு, இரண்டாம் ஆண்டு வாய்ப்பு அளிக்க உங்கள் பள்ளியில் என்ன ஏற்பாடு வேண்டும்?

மூன்றாவது கேள்விக்கான இரண்டு பக்கங்களை இந்தப் பருவத்திலேயே எழுதி, பள்ளிக் கோப்பில் சேர்த்துவிடுங்கள். அடுத்து வரும் ஆசிரியர் தன் பணியை அங்கிருந்து தொடங்கலாம்.