செவிலியம் தேர்தல்

அருப்புக்கோட்டையின் தறியொலி பின்தங்க, திருச்சுழி நோக்கிய சாலையின் இருமருங்கும் சீமைக்கருவேலமும் மானாவாரிப் புன்செயும் விரிகின்றன. மழை பொய்த்த ஆண்டில் உழவர்க்கு வேலையில்லை. கிராமச் சுகாதாரச் செவிலியருக்கோ ஓய்வில்லை. கருவுற்ற தாயின் குருதியழுத்தத்தை அளந்து, இரத்தசோகையைக் கண்டறிந்து, காலத்தே மருத்துவமனைக்கு அனுப்புபவர் அவரே.

திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று தாய்மார், ஆண் மருத்துவர் தொடலாகாது என வீட்டார் மறுத்தமையால், பேறுகாலத்தில் மாண்டனர். அதைக் கண்ட ஐடா ஸ்கடர் மருத்துவம் கற்கத் துணிந்தார். 1899இல் பட்டம் பெற்றார். மருத்துவர் மட்டும் போதுமா? வேலூரில் 1909இல் செவிலியர் பள்ளியையும் தொடங்கினார். 1946இல் அது பட்டப்படிப்பாக உயர்ந்தது.

இன்று செவிலியப் பட்டப்படிப்பு நான்காண்டு, பட்டயப்படிப்பு மூன்றாண்டு. பட்டத்திற்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் பயின்றிருத்தல் வேண்டும். எனவே பதினொன்றாம் வகுப்பில் பாடப்பிரிவைத் தேர்ந்த அன்றே முடிவின் பாதி நிகழ்ந்துவிடுகிறது! “இரவுப் பணியாயிற்றே, வரன் அமையுமா?” என வீட்டார் வினவுவர். அவ்வினாவில் இருப்பது அச்சமே, இகழ்ச்சியன்று. சினவாது விடை கூறுக. இப்பணி பெண்களுக்கே உரியதென்பதும் பழைய எண்ணம், ஆண்களும் பயில்கின்றனர்.

காலாண்டு விடுமுறையில் வரும் புதன்கிழமை தடுப்பூசி நாள். அன்று ஊர்த் துணைச் சுகாதார நிலையத்திற்குச் சென்று, அழும் குழந்தையையும் அஞ்சும் தாயையும் செவிலியர் எவ்வாறு அமைதிப்படுத்துகிறார் எனச் சற்றே நின்று காண்க.