இழுப்பு வரும் குழந்தை: வீட்டுக்குச் சில குறிப்புகள்

என் மகனுக்கு நாலு வயதில் நடுராத்திரி இருமலும் நெஞ்சில் விசில் சத்தமும் அடிக்கடி வந்தன. பயத்தில் எல்லா டெஸ்டையும் எடுத்துவிடலாம் என்றுதான் ஓடினேன். பிறகு கற்றுக்கொண்டவை இவை.

1. இழுப்பு வந்தால் சட்டையைக் கழற்றிப் பாருங்கள். விலா எலும்புகளுக்கு நடுவிலும் தொண்டைக் குழியிலும் சதை உள்வாங்கினால் குழந்தை மூச்சுக்குச் சிரமப்படுகிறது. அழாமல் இருக்கும்போது முழு ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 1 முதல் 5 வயதுக்குள் 40-ஐத் தொட்டால் வேகமான மூச்சு.

2. காலண்டரில் குறித்து வையுங்கள்: ராத்திரி இருமல், ஓடினால் இரைப்பு, சளி பிடித்த நாள், மருந்து கொடுத்த நேரம். டாக்டரிடம் போகும்போது இழுப்பு அடங்கியிருக்கலாம். அதனால் செல்போனில் ஒரு நிமிட வீடியோவும் எடுங்கள்.

3. 'இன்ஹேலர் பழகிவிடும்' என்று பயப்பட வேண்டாம். இழுப்பைத் தணிக்கும் சால்பியூட்டமால் மருந்தின் சிரப் 5 மில்லியில் 2 மில்லிகிராம் இருக்கும். இன்ஹேலரின் ஒரு பஃப்பில் 100 மைக்ரோகிராம்தான், அதாவது இருபதில் ஒரு பங்கு. அதுவும் நேராக நுரையீரலுக்குப் போகிறது.

4. சின்னக் குழந்தைக்கு ஸ்பேஸரும் (இன்ஹேலரில் பொருத்தும் குழாய்) மாஸ்க்கும் அவசியம். இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி, மாஸ்க்கை முகத்தோடு ஒட்டப் பிடித்து, ஒவ்வொரு பஃப்பாகக் கொடுங்கள். ஒரு பஃப்புக்கு ஐந்தாறு மூச்சாவது இழுக்கட்டும். அழும்போது மருந்து சரியாக உள்ளே போகாது.

5. ஸ்பேஸரைச் சோப்புத் தண்ணீரில் அலசி, துடைக்காமல் காற்றில் உலரவிடுங்கள். துணியால் தேய்த்தால் மருந்து ஸ்பேஸரின் உள்சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.

6. தினசரி தடுப்பு இன்ஹேலரை, குழந்தை நன்றாக இருக்கிறதே என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். கொடுத்ததும் வாயைக் கொப்பளிக்க வைத்து முகத்தைத் துடைத்துவிடுங்கள்.

7. கொசுவர்த்தி, ஊதுபத்தி, சாம்பிராணி, சிகரெட் புகை எதுவும் வீட்டுக்குள் வேண்டாம். கொசுவுக்கு வலை கட்டுங்கள். தலையணை உறை, போர்வையை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவையுங்கள்.

8. டெஸ்ட் எழுதினால், "ரிசல்ட் எப்படி வந்தால் மருந்து மாறும்?" என்று கேளுங்கள். எது வந்தாலும் அதே மருந்துதான் என்றால், இப்போதே எடுக்க வேண்டுமா என்றும் கேளுங்கள்.

9. நுரையீரல் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் ஸ்பைரோமெட்ரி டெஸ்டுக்குக் குழந்தை சொன்னபடி பலமாக ஊத வேண்டும். அதனால் பெரும்பாலும் ஐந்தாறு வயதுக்கு மேல்தான் சரியாக வரும். ஒவ்வொரு இழுப்புக்கும் எக்ஸ்ரே தேவைப்படாது. ஆனால் வேர்க்கடலை மாதிரி எதையாவது தின்னும்போது புரையேறி இழுப்பு தொடங்கியிருந்தால், உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் அதை முதலில் சொல்லுங்கள்.

10. அலர்ஜி டெஸ்டில் 'பாசிட்டிவ்' வந்த எல்லாமே இழுப்புக்குக் காரணமாகிவிடாது. ரிப்போர்ட்டை மட்டும் பார்த்துப் பாலையும் முட்டையையும் நிறுத்தினால் குழந்தைதான் இளைக்கும். உங்கள் காலண்டர் குறிப்போடு டாக்டர் ஒப்பிட்டுச் சொல்லட்டும்.

11. இழுப்பு வந்தால் எத்தனை பஃப், எப்போது ஆஸ்பத்திரி என்று டாக்டரிடம் எழுதி வாங்கி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். பேசவோ குடிக்கவோ முடியாமல் திணறினால், உதடு நீலம் பாய்ந்தால், சோர்ந்து துவண்டால் காத்திருக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள்.

என் மகனுக்கு எந்த டெஸ்ட் தேவை என்று டாக்டர் முடிவுசெய்ய, என் காலண்டரின் மூன்று மாதத் தாள்கள்தான் உதவின. இன்று ராத்திரியே உங்கள் வீட்டுக் காலண்டரில் எழுதத் தொடங்குங்கள்.