வாங்க மறுத்த கடிதம்

ஜெர்மனி நாட்டின் வடபகுதியில், கடற்கரையை அடுத்து ஹூசும் என்னும் ஊர் உளது. அவ்வூரில் 1817-ஆம் ஆண்டு பிறந்தவர் தியோடர் ஸ்டோர்ம். அவர் வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் பணிபுரிந்தார்; கவிஞராகவும் கதையாசிரியராகவும் புகழ் பெற்றார். அக்காலத்து ஜெர்மானிய எழுத்தாளர் பலர், சிற்றூர் மக்களின் இன்ப துன்பங்களை உள்ளவாறே எழுதலாயினர். இந்நெறியை நடப்பியல் என்பர். அந்நெறி நின்ற ஸ்டோர்ம், தந்தைக்கும் மகனுக்கும் இடையே எழும் பிணக்கைப் பல கதைகளில் ஆராய்ந்துள்ளார். அவற்றுள் ஒன்று, 1882-இல் வெளிவந்த 'ஹான்ஸ் கிர்ச்சும் ஹைன்ஸ் கிர்ச்சும்' என்பது.

பால்டிக் கடலோரத்துச் சிற்றூர் ஒன்றில் ஹான்ஸ் கிர்ச் வாழ்ந்தார். கப்பலில் எடுபிடிச் சிறுவனாகத் தொடங்கிய அவர், உழைப்பாலும் சிக்கனத்தாலும் சொந்தக் கப்பல் உடையவரானார். தம்மினும் உயர்ந்த நிலையைத் தம் மகன் ஹைன்ஸ் எய்துதல் வேண்டும் என்பது அவர்தம் பேரவா. இவ்வவாவிற்கு ஏற்பவே மகனைக் கடுமையாக வளர்த்தார்.

ஹைன்ஸ் நெடும்பயணம் புறப்படுவதற்கு முந்திய இரவு, வீப் என்னும் இளமைத் தோழியோடு இருந்துவிட்டுக் காலந்தாழ்ந்து வீடு திரும்பினான். தந்தை சினந்தார், பின்னர்க் கடுமொழிகள் நிறைந்த கடிதமும் எழுதினார். மகன் நெடுநாள் மறுமொழி எழுதவில்லை. இறுதியில் அவனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ஆனால் அஞ்சற் கட்டணம் செலுத்தப்படாமல் வந்தது. அச்சிறு தொகையை ஈந்து கடிதத்தைப் பெறத் தந்தையின் செருக்கு இடந்தரவில்லை. அதனைத் திருப்பி அனுப்பிவிட்டார். தாய் உள்ளம் நொந்தாள். மகனை மீண்டும் காணாமலே மறைந்தாள்.

ஆண்டுகள் பல கழிந்தபின் ஹைன்ஸ் ஊர் திரும்பினான். கடல் வாழ்க்கை அவனை உருமாற்றியிருந்தது. 'இவன் வேறொருவன்' என ஊரார் ஐயுற்றனர்; தந்தையும் ஐயுற்றார். பணத்தை எடுத்துக்கொண்டு அகலுமாறு அவனைப் பணித்தார். அவனோ அதில் ஒரு சிறு பகுதியே எடுத்துக்கொண்டு நீங்கினான். பின்னர் ஒரு புயலிரவில், கடல்நீர் சொட்டச் சொட்ட மகன் நிற்பதாகத் தோன்றியது கண்டு, அவன் இறந்தான் எனத் தந்தை துணிந்தார், நோயுற்று வீழ்ந்தார். முதுமையில் அவருக்கு ஊன்றுகோலானவள் அந்த வீப்பே. மறுமையிலாவது மகனைத் தாம் அடையாளம் அறிதல் வேண்டுமே என்பதே அவருடைய இறுதிக் கவலை.

1878-இல் வெளிவந்த 'கார்ஸ்டன் குராட்டர்' என்னும் கதையில் வரும் தந்தையோ, மகன்பால் இரக்கமே உருவானவர். மகன் செய்யும் கேட்டிற்கெல்லாம் தாமே ஈடுசெய்து, தம் உடைமையை இழக்கிறார். ஆயினும் மகனைக் காக்க இயலவில்லை. கண்டிப்பும் தோற்றது, இரக்கமும் தோற்றது. ஸ்டோர்ம் இவற்றைப் பிறர்பால் மட்டும் கண்டு எழுதினாரல்லர். அவருடைய மூத்த மகன் ஹான்ஸ், மருத்துவம் பயின்றும் குடிப்பழக்கத்தால் நலிந்து, 1886-இல் இறந்தான். இரண்டாண்டு கழித்து, 1888-இல் தந்தையும் மறைந்தார். ஆதலின், அவர் கதைகளில் தந்தையரைப் பழித்துரைக்கும் சொல்லைக் காண்டல் அரிது.

ஹான்ஸ் கிர்ச் மகனை நேசித்தவரே. எனினும், தாம் எண்ணிய மகனையே என்றும் நோக்கியிருந்தமையால், வாயிலில் வந்து நின்ற மகனை அவர் அறிந்திலர். அன்று சில காசுகளுக்குப் பெறற்குரியதாயிருந்த கடிதத்தை, பின்னர்த் தம் செல்வம் அனைத்தையும் கொடுத்தாலும் அவர் பெற முடியாமற் போயிற்று.