உள்ளான் ஊருக்குப் புறப்படுது!

பறவை பார்க்கணும்னா மார்கழி, தை மாதத்தில்தான் போகணும் என்று நினைக்கிறோம். பங்குனியில் போய்ப் பாருங்கள், அப்போதான் வேடிக்கையே!

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் பஸ்ஸில் முள்ளக்காடு தாண்டினால் உப்பளம். பழையகாயல் பக்கமும் உப்பளம்தான். அப்புறம் முக்காணிக்கும் ஆத்தூருக்கும் நடுவில் தாமிரபரணிப் பாலம். உப்புத்தண்ணீர்ப் பறவை, நல்லதண்ணீர்ப் பறவை இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். காலை 6 மணிக்கே போயிடணும். வெயில் ஏறினால் கானல் ஆடும், ஒன்றும் தெரியாது. வரப்பில் ஏறுவதற்கு முன் அங்கே வேலை செய்கிற அண்ணாச்சியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாப் பாத்தியும் ஒன்றல்ல. முதலில் தண்ணீர் தேக்கும் பெரிய பாத்தியில் உப்பு குறைவு, மீன் இருக்கும். அதனால் அங்கே கூழைக்கடா, நாரை, ஆலா. அடுத்த பாத்திகளில் உப்பு ஏற ஏற மீன் சாகும். ஆனால் பொடி இறால், புழு, பூச்சி பெருகும். உள்ளான் கூட்டம் அங்கேதான். உப்பு விளைகிற கடைசிப் பாத்தியில் தின்ன ஒன்றும் கிடையாது.

இப்போ விஷயத்துக்கு வருவோம். மூக்கு கொஞ்சம் கீழே வளைந்த ஓர் உள்ளான் உண்டு. ஆங்கிலப் பெயர் கர்லூ சாண்ட்பைப்பர். தை மாதத்தில் அது வெறும் சாம்பல். பங்குனியில் மார்பிலும் வயிற்றிலும் செங்கல் நிறம் திட்டுத் திட்டாக வரும், சாயம் பாதி போட்ட வேட்டி மாதிரி! கல்யாணத்துக்குப் புதுத்துணி உடுத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முட்டையிடுவது சைபீரியாவின் வடகோடியில். இங்கிருந்து 7000 கிலோமீட்டருக்கு மேல்!

அதன் எடையோ சுமார் 60 கிராம். கொசு உள்ளான் அதிலும் பாதிதான். வழிச்செலவுக்குக் கொழுப்புதான் காசு. புறப்படும் முன் சில இனங்கள் தின்றே ஏறக்குறைய இரண்டு மடங்கு எடை ஆகிவிடுமாம். நம்ம பசங்க கல்லெறிந்து கூட்டத்தைக் கிளப்பிவிடுகிறார்களே, பார்க்க அழகாத்தான் இருக்கு. ஆனால் ஒவ்வொரு தடவையும் அது பறப்பது சேர்த்த காசில். வரப்பில் மெதுவாக நடக்கிற ஆளுக்கு அது நாலடி ஒதுங்கும், அவ்வளவுதான். ஓடுகிற ஆளுக்குத்தான் பறக்கும். 2024-ல் இந்த உள்ளானை அழியும் ஆபத்துள்ள இனங்களின் உலகப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்.

எல்லாமே வெளியூர் இல்லை. அனுமான் உப்புக்கொத்தி என்று ஒரு குட்டிப் பறவை, இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் உள்ளது. 2023-ல்தான் அதைத் தனி இனம் என்று பிரித்தார்கள். அதற்கும் பவளக்கால் உள்ளானுக்கும் இங்கேதான் பிரசவம். கூடு என்று பெரிதாக ஒன்றும் இல்லை, தரையிலேயே முட்டை! மண் நிறத்திலேயே இருக்கும். கோடையில் காலைப் பார்த்து வையுங்கள்.

பாலத்தில் அரைமணி நேரம் போதும். கருப்பு வெள்ளை மீன்கொத்தி அந்தரத்தில் நின்று சிறகடித்து, பொத்தென்று விழும். நீர்க்காகம் சிறகை விரித்துக் காயப்போடும்.

சித்திரை முடிந்து அதே உப்பளத்துக்குப் போனால் அங்கங்கே நாலைந்து உள்ளான் சாம்பல் நிறத்திலேயே மேயும். வழிதவறியவை அல்ல. போன வருஷம் பிறந்தவை. பல இனங்களில் இளசுகள் முதல் கோடையில் ஊர் போகாமல் இங்கேயே தங்கிவிடும்.

– 9-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு