"சும்மா ஒரு கையெழுத்துதானே பிரதர்?" ஜாமீன் போடுவதற்கு முன் இதை யோசிங்க



நீங்க வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருக்கு. பே ஸ்லிப் ஒழுங்கா வருது. சிபில் ஸ்கோரும் நல்லா இருக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிஞ்சு வெளியே வரும்போது, யூத் மீட்டிங்கில் உங்ககூடவே வளர்ந்த நண்பர் பக்கத்தில் வருகிறார். "பிரதர், தங்கச்சி கல்யாணத்துக்கு லோன் போடுறேன். ஷ்யூரிட்டிக்கு ஒரு சம்பளக்காரர் கையெழுத்து வேணுமாம். சும்மா ஃபார்மாலிட்டிதான். கட்டப்போறது நான்தானே?"

என்ன சொல்வீங்க? முடியாதுன்னு சொன்னா அன்பில்லாதவன் ஆகிடுவோமோ என்ற பயத்திலேயே நம்மில் பலர் பேனாவை எடுத்துவிடுகிறோம். இன்னைக்குப் பாடம் அந்தக் கையெழுத்தைப் பற்றித்தான்.

சட்டம் என்ன சொல்லுது?

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 128-ஆவது பிரிவு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அதே அளவு பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. பாதி இல்லைங்க, முழுசு. "முதல்ல அவர்கிட்ட வசூல் பண்ணிப் பாருங்க, கிடைக்கலைன்னா என்கிட்ட வாங்க" என்று நீங்க சொல்ல முடியாது. பேங்க் ஆஃப் பீகார் – தாமோதர் பிரசாத் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடன் 3 லட்சம், வட்டி 12%, காலம் 36 மாதம். மாதத் தவணை சுமார் 9,964 ரூபாய். நண்பர் 8 தவணை கட்டிவிட்டு வேலை போய் நின்றுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மீதி 28 தவணை. அபராதம் சேர்க்காமலே கிட்டத்தட்ட 2.79 லட்சம். கையில் 35,000 சம்பளம் வாங்குகிற உங்களுக்கு இது எட்டு மாத உழைப்பு. அந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூட நீங்க அனுபவிச்சிருக்க மாட்டீங்க.

வேதம் என்ன சொல்லுது?

கடன் வாங்குவதைப் பற்றிய எச்சரிக்கை நம்ம எல்லாருக்கும் தெரியும். ஆனா மற்றவன் கடனுக்குப் பிணை நிற்பதைப் பற்றி நீதிமொழிகள் 6, 11, 17, 22 என்று திரும்பத் திரும்பப் பேசுவதைக் கவனிச்சிருக்கீங்களா? அந்தக் காலத்தில் பேப்பர் கிடையாது, கையடித்துக் கொடுப்பதுதான் கையெழுத்து. 22-ஆம் அதிகாரம் ரொம்ப நடைமுறையாகவே கேட்கிறது: கட்டுவதற்கு உன்கிட்ட ஒன்றும் இல்லாதபோது, நீ படுக்கிற படுக்கையையே எடுத்துக்கொண்டு போகிற நிலைமை உனக்கு எதுக்கு?

அப்படின்னா பிணை நிற்பதே பாவமா? இல்லை. ஆதியாகமம் 43-இல் யூதா, தம்பி பென்யமீனுக்காகத் தகப்பனிடம் பிணை நிற்கிறான். அடுத்த அதிகாரத்தில் சிக்கல் வந்தபோது, தம்பிக்குப் பதிலாக நானே அடிமையாக இருக்கிறேன் என்று முன்னால் வருகிறான். பவுல், ஒநேசிமுவின் கடனைத் தன் கணக்கில் எழுதச் சொல்லிப் பிலேமோனுக்குத் தன் கையாலேயே எழுதுகிறார். எபிரெயர் நிருபம் இயேசுவையே பிணையாளி என்று சொல்கிறது. அவர் முழு விலையையும் கொடுத்தவர்.

இந்த மூன்றிலும் ஒரே விஷயம்தான். "அவன் கட்டிடுவான்" என்று நம்பி யாரும் பிணை நிற்கவில்லை. "நான் கட்டுகிறேன்" என்று தெரிந்தே நின்றார்கள். வித்தியாசம் இதில்தான் இருக்கு. கட்ட முடியாது என்று தெரிந்தும் நாம போடுகிற கையெழுத்து, வங்கிக்கு நாம கொடுக்கிற பொய் வாக்கு.

பேனாவை எடுக்கும் முன் மூன்று கேள்விகள்

1. இந்தத் தொகை முழுவதையும் நானே கட்ட வேண்டி வந்தால், வாடகையும் அம்மாவின் மருந்துச் செலவும் நிற்காமல் கட்ட முடியுமா?

2. கட்டின பிறகு பணம் திரும்ப வராவிட்டாலும் இவரோடு கசப்பில்லாமல் ஒரே பெஞ்சில் உட்கார முடியுமா?

3. கல்யாணமானவர் என்றால், துணைக்குத் தெரியுமா?

ஒன்றுக்கு "இல்லை" என்றாலும் கையெழுத்து வேண்டாம். ஆனா வெறும் கையோடு அனுப்பிடாதீங்க. "பிரதர், முழுசும் நானே கட்ட முடிகிற கடனுக்கு மட்டும்தான் ஷ்யூரிட்டி போடணும்னு தீர்மானம் எடுத்திருக்கேன். இது என் சக்திக்கு மேல. ஆனா கல்யாணத்துக்கு என் பங்கா 10,000 தரேன், திருப்பித் தர வேண்டாம்" என்று சொல்லுங்க. உட்கார்ந்து அவரோடு கல்யாண பட்ஜெட் போடுங்க. 3 லட்சம் 2 லட்சமாகக் குறைந்தால் அதுவே பெரிய உதவி.

ஏற்கெனவே போட்டாச்சா?

நீதிமொழிகள் 6 சொல்வது இதுதான்: தூங்காதே, வேடன் கையிலிருந்து மான் தப்புவது போல உடனே ஓடு. இன்றைக்கு அதற்கு அர்த்தம் இது.

• மாதாமாதம் தவணை கட்டின ரசீதை நண்பரிடம் கேட்டு வாங்குங்க. இது சந்தேகம் இல்லை, உங்க பொறுப்பு.

• வருஷத்துக்கு ஒரு முறை இலவசமாகக் கிடைக்கும் கிரெடிட் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்க. ஜாமீன் போட்ட கடன் அதிலும் வரும். நாளைக்கு உங்க வீட்டுக் கடனை அது பாதிக்கலாம்.

• வேறு ஜாமீனோ அடமானமோ வைத்து உங்களை விடுவிக்க முடியுமா என்று நண்பரோடு போய்க் கேளுங்க. கடன் கொடுத்தவர் சம்மதம் இல்லாமல் நீங்களாக விலக முடியாது.

• நீங்க கட்ட நேர்ந்தால் எல்லா ரசீதையும் பத்திரமா வைங்க. கட்டிய தொகையை நண்பரிடம் கேட்டு வாங்க 145-ஆவது பிரிவு உங்களுக்கு உரிமை தருது.

நண்பர்களே, நம்ம சம்பளம் தேவன் நம்மை நம்பிக் கொடுத்தது. அதைக் கொடுப்பதற்கு நமக்குச் சுதந்திரம் உண்டு. இன்னும் சம்பாதிக்காத பணத்தை இன்னொருவர் பேரில் எழுதிக் கொடுப்பதற்கு முன், ஒரு ராத்திரி ஜெபித்து, அந்தக் கணக்கை ஒரு பேப்பரில் போட்டுப் பாருங்க.

அடுத்த வீடியோவில் சந்திப்போம். தேவன் உங்களை ஆசீர்வதிப்பாராக!